மடிந்த குருவியும் மழலையின் துயரமும்

மதீனா மாநகரில் உம்மு ஸுலைம் (ரலி) என்னும் அம்மையாரின் இல்லத்திற்கு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அவ்வப்போது சென்று வருவது வழக்கம். பெருமானாருக்குப் பணிவிடை செய்யும் பேறு பெற்ற அனஸ் (ரலி) அவர்களை ஈன்ற அன்னை அவர். அனஸுக்கு ஒரு தம்பி இருந்தான்; பால்குடி மறந்த பருவத்துச் சிறுவன். அவன் ஒரு சிறு குருவியை வளர்த்து, அதனோடு விளையாடி வந்தான். ஒருநாள் நாயகம் (ஸல்) அவர்கள் வந்தபோது சிறுவனின் முகம் வாடியிருந்தது. காரணம் என்ன என்று வினவினார்கள். அவனது குருவி இறந்துவிட்டது என்றனர் வீட்டார். ஒரு சமுதாயம் முழுவதையும் நடத்திச் செல்லும் பொறுப்பைத் தோளில் சுமந்திருந்த அப்பெருந்தகை, அச்சிறுவன்பால் திரும்பி, இன்னாரின் தந்தையே என்று பெரியோரை மரியாதையாக விளிக்கும் அரபு மரபுப்படி 'அபூ உமைர்' என்று அவனை அழைத்து, அந்தக் குருவியைப் பற்றி அவனிடமே விசாரித்தார்கள்.

ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த ஷாபிஈ சட்ட அறிஞர் இப்னுல் காஸ் என்பார் இந்த ஒரு சிறு செய்தியிலிருந்து மட்டும் 60 படிப்பினைகளை வகுத்துத் தனி நூலே எழுதினார். அவற்றையெல்லாம் இங்கே விரிக்க இடமில்லை. ஆனால் அன்று என்ன நடக்கவில்லை என்பதை மட்டும் எண்ணிப் பாருங்கள். 'போனது ஒரு குருவிதானே' என்று அச்சிறுவனிடம் சொல்லப்படவில்லை. 'அழாதே, வேறொன்று வாங்கித் தருகிறோம்' என்ற வாக்குறுதியும் இல்லை. விதியைப் பற்றிய விரிவுரையும் இல்லை. அவனுடைய துயரத்தை அவன் வாயாலேயே சொல்லும் வண்ணம், ஒரு பெரியவர் நின்று கேட்டார். அவ்வளவே.

இந்நிகழ்ச்சியை ஈண்டு எடுத்துரைப்பதற்குக் காரணம் ஒன்று உண்டு. அன்பு வாசகர்களே, மனக்கண்ணை மதீனாவிலிருந்து சென்னைக்கு மேற்கே, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் சற்றே திருப்புங்கள். ஏரிகளும் வயல்களும் சூழ்ந்திருந்த அந்நிலத்தில், இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையிலிருந்து 1998ஆம் ஆண்டில் முதல் கார்கள் வெளிவந்தன. 2006இல் நோக்கியா கைப்பேசி ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் 2010இல் ரெனோ-நிசான், 2012இல் டைம்லர், 2013இல் ராயல் என்பீல்டு என ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. இன்று சிங்கப்பெருமாள்கோவிலிலிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் செல்லும் சாலையில் கம்பெனி பஸ்களின் வரிசை இரவிலும் ஓய்வதில்லை. தென் மாவட்டங்களிலிருந்தும், ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், வங்காளம், அசாம் ஆகிய மாநிலங்களிலிருந்தும் வந்த இளம் வயதினர் அந்தப் பஸ்களில் உறங்கியபடியே வேலைக்குச் செல்கின்றனர், உறங்கியபடியே திரும்புகின்றனர். வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்கத்தக்க மாபெரும் விடுதி 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் திறந்து வைக்கப்பட்டது. ஆண்டுக்கு எத்தனை கார்கள், எத்தனை கைப்பேசிகள், எத்தனை படுக்கைகள் என்பதற்கெல்லாம் அங்கே துல்லியமான கணக்கு உண்டு. அவ்வாலைகளில் பணிபுரிவோரின் வீட்டிலுள்ள ஐந்து வயதுச் சிறுவன் இரவில் எத்தனை முறை விழித்து அழுகிறான் என்பதற்குக் கணக்கு வைப்பார் யார்?

ஒரு வீட்டைக் கற்பனை செய்து பாருங்கள். அது எந்த வீடும் அன்று. ஆனால் அப்பகுதியில் குடியிருப்போர் தங்கள் அண்டை வீட்டில் அதை அடையாளம் கண்டுகொள்வார்கள். ஒரே கூடம், ஒரு சிறு சமையற்கட்டு, பல குடித்தனத்திற்கும் பொதுவான குளியலறை. லைன் வீடு என்பார்கள். தந்தைக்கு இவ்வாரம் இரவு ஷிப்டு. காலையில் வந்து, வெளிச்சம் படாமல் சன்னலைச் சாத்திக்கொண்டு, நடுக்கூடத்தில் உறங்குகிறார். தாய்க்கு முதல் ஷிப்டு. விடியுமுன்பே பஸ் ஏறிவிட்டார். பள்ளி விடுமுறை நாள். குழந்தை என்ன செய்யும்? ஓடக்கூடாது, பாடக்கூடாது, பந்து தட்டக்கூடாது, அழவும் கூடாது. 'உஷ், அத்தா தூங்குகிறார்!' என்பதே அவன் மிகுதியாகக் கேட்கும் வாக்கியம். சத்தம் எழாமலிருக்க அவன் கையில் ஒரு கைப்பேசி கொடுக்கப்படுகிறது. அடுத்த வாரம் ஷிப்டு மாறும். அத்தா இரவில் வீட்டில் இருப்பார், அம்மா இருக்கமாட்டார். அதற்கடுத்த வாரம் மீண்டும் மாறும். எந்த நாளில் யார் மடியில் படுக்கலாம் என்பதை அட்டவணை பார்த்தே அறிய வேண்டிய நிலை அச்சிறுவனுக்கு.

அத்தந்தை கொடியவர் அல்லர். அத்தாயும் அன்பில்லாதவர் அல்லர். வாடகையும் பள்ளிக் கட்டணமும் சீட்டுப் பணமும் கட்ட வேண்டியவர்கள். அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நம் நோக்கமன்று. ஆயினும் குழந்தையின் நெஞ்சிலே ஒரு சுமை ஏறிவிட்டது என்பதும் உண்மை. அச்சுமை எப்படி வெளிப்படும் என்பதைத்தான் நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

பெரியவர்கள் துயருற்றால் 'மனம் சரியில்லை' என்று சொல்வார்கள். குழந்தைக்கு அந்தச் சொல் தெரியாது. அதன் உடல்தான் அதற்காகப் பேசும். பள்ளி நாட்களில் மட்டும், அதுவும் காலையில் மட்டும், வயிறு வலிக்கும். நின்றுபோன படுக்கை நனைத்தல் ஏழு வயதில் மீண்டும் தொடங்கும். நன்றாகப் பேசிய பிள்ளை வகுப்பில் மட்டும் ஊமையாகிவிடும். நகத்தைக் கடித்துக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளும். தம்பியை அடிக்கும், பொம்மையின் கையைப் பிய்க்கும். சில பிள்ளைகள் இவை ஒன்றும் செய்யாமல் மிக மிக நல்ல பிள்ளைகளாகிவிடும். எதையும் கேட்காது, எவரையும் தொந்தரவு செய்யாது. இவ்வகைப் பிள்ளையை அக்கம்பக்கத்தார் மெச்சுவார்கள். மருத்துவரோ, இத்தகைய பிள்ளையைத்தான் மிகவும் கவனிக்க வேண்டும் என்பார்.

2015-16ஆம் ஆண்டுகளில் நடந்த தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயதுக்குட்பட்டோரில் 7.3 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு மனநலக் குறை இருப்பதாகக் கண்டது. ஏறக்குறைய நூற்றில் ஏழு பேர். நாற்பது பிள்ளைகள் அமர்ந்திருக்கும் வகுப்பறை ஒன்றில் மூவர் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த மூவரும் பெரும்பாலும் சோம்பேறிகள் என்றோ, முரடர்கள் என்றோ, படிப்பு ஏறாதவர்கள் என்றோ பெயர் வாங்கியிருப்பார்கள்.

இத்தகைய குழந்தையை நம்மில் பலர் முதலில் எங்கே அழைத்துச் செல்கின்றனர்? ஓதிப் பார்ப்பவரிடம். கண்ணேறு பட்டிருக்கும், எதையோ கண்டு பயந்திருக்கும் என்று சொல்லி, தண்ணீர் ஓதிக் கொடுத்து, கழுத்தில் தாயத்துக் கட்டி அனுப்புவார்கள். இறைவனிடம் கையேந்துவதை எவரும் குறை சொல்லப் போவதில்லை. குழந்தைக்காகத் தாய் கேட்கும் துஆவைவிடக் கனிவான ஒன்று உலகில் இல்லை. ஆனால் நோய்க்கு மருந்து தேடுமாறு பணித்ததும் நாயகம் (ஸல்) அவர்களே அன்றோ? காய்ச்சலுக்கு மாத்திரை தேடும் நாம், குழந்தையின் அச்சத்திற்கு மட்டும் மருத்துவம் தேடுவது ஈமானுக்குக் குறைவு என்று எண்ணுவது எவ்வாறு பொருந்தும்?

இந்த எண்ணம் நம் முன்னோருக்கு இருந்ததில்லை. பல்கு நாட்டில் பிறந்து ஹிஜ்ரி 322இல், அதாவது கி.பி. 934இல் மறைந்த அறிஞர் அபூ ஸைத் அல்-பல்கீ, உடலின் நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் இரு பகுதிகளாகப் பகுத்து ஒரே நூலில் எழுதினார். சினம், அச்சம், துயரம், விடாது சுற்றும் தீய எண்ணம் ஆகிய நான்கையும் தனித்தனியே ஆராய்ந்து, ஒவ்வொன்றுக்கும் உள்ளத்தைப் பழக்கும் முறைகளைக் கூறினார். உடல்நோய் சிலருக்குச் சில காலம் வாராமலிருக்கலாம். உள்ளத்தின் நோவோ எவரையும் விட்டுவைப்பதில்லை என்பது அவர் கருத்து. தம் காலத்து மருத்துவர்கள் இப்பகுதியைப் புறக்கணிப்பதையும் அவர் சுட்டிக்காட்டினார். இஸ்தான்புல் நகரின் ஏட்டுச்சுவடிகளிலிருந்து இந்நூல் 1984இல் ஒளிப்பட நகலாக வெளியாயிற்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு முஸ்லிம் அறிஞர் எழுதி வைத்ததை நாம் இன்று மேனாட்டார் சரக்கு என்று எண்ணி ஒதுங்கி நிற்பது வேடிக்கையே.

இதில் காலம் தாழ்த்துவதன் விலை என்ன என்பதைத் தமிழகம் அறியும். 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் அதிகாலையில் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்பியோட வழியின்றி 28 பேர் உயிரிழந்தனர். அவர்கள் பெரியவர்களே, குழந்தைகள் அல்லர். ஆயினும் அவர்களும் ஒருகாலத்தில் குழந்தைகளாய் இருந்தவர்கள்தாம். அதன் பின்னர், குஜராத்தில் மீரா தாதார் தர்காவில் 2008இல் தொடங்கிய 'தவா-துஆ' முறையைப் போல, வழிபாட்டிடத்திலேயே மருத்துவரும் அமர்ந்து நோயாளியைப் பார்க்கும் ஏற்பாடு ஏர்வாடியிலும் வந்தது. தவா என்றால் மருந்து. துஆ என்றால் வேண்டுதல். ஒன்றை விட்டு ஒன்றைப் பற்ற வேண்டிய தேவை இல்லை என்பதை அப்பெயரே சொல்லிவிடுகிறது.

சரி, குழந்தைக்குச் செய்யப்படும் மனநலச் சிகிச்சை என்பதுதான் என்ன? மின்சாரம் வைப்பார்கள், தூக்க மாத்திரை கொடுப்பார்கள் என்ற பயம் பலருக்கு உண்டு. சிறு பிள்ளைகளின் அச்சத்திற்கும் துயரத்திற்கும் முதலில் மேற்கொள்ளப்படுவது பெரும்பாலும் மாத்திரை அன்று. மருத்துவர் முதலில் உடலைப் பார்ப்பார். இரத்தசோகை உண்டா, காது நன்றாகக் கேட்கிறதா, கண் பார்வை சரியா, உறக்கம் எப்படி என்றெல்லாம் ஆராய்ந்து, உடற்குறை இல்லை என்று தெளிந்த பிறகே உள்ளத்தின் பக்கம் வருவார். அதற்குப் பிறகு நடப்பதைக் கண்டால் நீங்கள் வியப்படைவீர்கள். விளையாட்டுத்தான்!

ஓர் அறை. அதில் களிமண், வண்ணத் தாள், பொம்மைக் குடும்பம், சிறு பாத்திரங்கள், ஒரு தட்டு மணல். உளவியலாளர் தரையில் பிள்ளையின் மட்டத்திற்கு அமர்ந்துகொள்வார். 'ஏன் பள்ளிக்குப் போக மறுக்கிறாய்?' என்று குறுக்கு விசாரணை செய்யமாட்டார். பிள்ளை தன் விருப்பம்போல் விளையாடும். அவர் உடனிருந்து கவனிப்பார். 1947இல் இம்முறையை நூலாக வகுத்துத் தந்தவர் வெர்ஜீனியா அக்ஸ்லைன் என்ற அமெரிக்க அம்மையார். நாம் மேலே கற்பனை செய்த சிறுவன் அங்கே என்ன செய்வான்? தந்தைப் பொம்மையை எப்போதும் படுக்க வைப்பான். மற்றப் பொம்மைகளின் வாயைப் பொத்துவான். பிறகு ஒருநாள் அத்தனை பாத்திரங்களையும் ஒன்றோடொன்று மோதிப் பெரும் ஓசை எழுப்பி, திரும்பி அவர் முகத்தைப் பார்ப்பான். அவர் அதட்டவில்லை. 'உனக்கு ரொம்ப நாளாகச் சத்தம் போட ஆசை' என்று மட்டும் சொல்கிறார். அவன் சொல்ல முடியாததை அவனுக்காக ஒருவர் சொல்லிவிட்டார். அங்கிருந்து சிகிச்சை தொடங்குகிறது.

அச்சத்தைத் தீர்ப்பதற்கு மற்றொரு முறை உண்டு; அதன் வரலாறு சுவையானது. 1924இல் அமெரிக்காவில் மேரி கவர் ஜோன்ஸ் என்னும் ஆராய்ச்சியாளரிடம், அவர் தம் கட்டுரையில் பீட்டர் என்று குறிப்பிடும் ஒரு சிறுவன் வந்தான். மூன்று வயதுகூட நிரம்பவில்லை. முயலைக் கண்டால் நடுங்குவான்; வெண்பஞ்சைக் கண்டாலும் அஞ்சுவான். அவன் தனக்குப் பிடித்த தின்பண்டத்தை உண்டுகொண்டிருக்கும்போது, கூண்டிலிட்ட முயலை அறையின் மறுகோடியில் வைத்தார்கள். அவன் பொறுத்துக்கொண்டான். அடுத்த முறை சற்று அருகில், அதற்கடுத்த முறை இன்னும் அருகில். இடையில் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. ஒரு பெரிய நாய் அவனை மிரட்டியது. பழைய அச்சம் திரும்பி வந்தது. மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார்கள். இறுதியில் முயல் தன் விரல்களைக் கொறிக்க அவன் அனுமதித்தான். இன்று பள்ளிக்குச் செல்ல அஞ்சும் பிள்ளையை மருத்துவர்கள் திருப்பி அழைத்து வரும் முறை இதுவேதான். முதல் நாள் பள்ளி வாசல் வரை. மறுநாள் முற்றம் வரை. பிறகு ஒரு மணி நேரம். அடித்து இழுத்துச் சென்று வகுப்பில் தள்ளுவதால் அச்சம் போவதில்லை. பள்ளியையே மறந்து வீட்டில் வைத்துக்கொள்வதாலும் போவதில்லை.

இங்கே பெற்றோர்க்கு ஒன்று சொல்லியாக வேண்டும். கெட்டுப்போன வண்டியைப் பட்டறையில் விட்டுவிட்டு, மாலையில் பழுது நீங்கி எடுத்து வருவதைப் போல, குழந்தையை விட்டுவிட்டு வர இயலாது. வாரத்தில் 168 மணி நேரம். சிகிச்சை அறையில் கழிவது அதில் ஒரு மணி. எஞ்சிய 167 மணி நேரமும் அது உங்கள் பிள்ளை. ஆகவே சிறு குழந்தைகளுக்கான சிகிச்சையில் பெரும்பகுதி பெற்றோருக்கே பயிற்சியாக அமைந்துள்ளது.

1970களில் ஷீலா ஐபெர்க் என்ற அமெரிக்க உளவியலாளர் வகுத்த முறையொன்று இரண்டு முதல் ஏழு வயதுவரையுள்ள பிள்ளைகளுக்கு உரியது. அதில் வீட்டுப் பாடமாகப் பெற்றோருக்குத் தரப்படுவது நாளொன்றுக்கு ஐந்தே நிமிடம்! அந்த ஐந்து நிமிடத்தில் குழந்தை தேர்ந்த விளையாட்டை, குழந்தை சொன்னபடி, தாயோ தந்தையோ உடனிருந்து விளையாட வேண்டும். கட்டளை கூடாது. கேள்வி மேல் கேள்வி கூடாது. குறை கூறல் அறவே கூடாது. குழந்தை கோபுரம் கட்டினால் 'கோபுரம் கட்டுகிறாய், உயரமாக இருக்கிறது' என்று சொல்லலாம். 'இப்படியா கட்டுவது, கொடு இங்கே!' என்று பிடுங்கக்கூடாது. கேட்பதற்கு எளிதாகத் தோன்றும். செய்து பாருங்கள், ஒரு கட்டளையும் இடாமல் ஐந்து நிமிடம் பிள்ளையோடு இருப்பது நம்மில் பலருக்கு நோன்பு நோற்பதைவிடக் கடினம். கைப்பேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டுச் செய்ய வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஷிப்டு வேலை செய்வோர்க்கு இம்முறை வரப்பிரசாதம் போன்றது. இரவு ஷிப்டு முடித்து வந்து உறங்கச் செல்லுமுன் ஐந்து நிமிடம். இரண்டாம் ஷிப்டுக்குப் புறப்படுமுன் ஐந்து நிமிடம். நேரம் வாரந்தோறும் மாறினாலும் நாள் தவறக்கூடாது. எந்த அட்டவணை மாறினாலும் இது மாறாது என்ற உறுதி குழந்தைக்கு ஏற்பட்டுவிடுகிறது. ஆனால் இதைச் சொல்லும்போதே ஓர் ஐயமும் எழுகிறது. ஐந்து நிமிடம் போதும் என்று நாம் சொல்வதைக் கேட்டு, எஞ்சிய நேரமெல்லாம் ஆலைக்கே என்று எவரும் எண்ணிவிடக்கூடாது. 50 பேருக்குக் குறையாமல் பணிபுரியும் நிறுவனங்கள் குழந்தைகள் காப்பகம் அமைக்க வேண்டும், தாய் நாளில் நான்கு முறை சென்று பிள்ளையைப் பார்த்து வரலாம் என்று 2017இல் திருத்தப்பெற்ற மகப்பேறு நலச் சட்டம் விதித்தது. இந்த உரிமையை எத்தனை தாய்மார்கள் கேட்டுப் பெற்றிருக்கிறார்கள்? குழந்தையின் மனநலம் மருத்துவமனையில் மட்டும் இல்லை. ஆலையின் வாசலிலும் இருக்கிறது.

பெற்றோரின் கவலையும் பிள்ளைக்குத் தொற்றும். நோக்கியா ஆலை 2014 நவம்பர் முதல் நாளில் மூடப்பட்டபோது ஆயிரக்கணக்கான இல்லங்களில் ஒரே இரவில் பேச்சு மாறியது. 2024ஆம் ஆண்டு செப்டம்பரில் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர் தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாட்கள் நீடித்தது. இத்தகைய நாட்களில் பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்வார்கள். பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்று எண்ணுவார்கள். தாழ்ந்த குரலைத்தான் பிள்ளைகள் கூர்ந்து கேட்கும். உண்மை தெரியாதபோது, தன்னால்தான் வீட்டில் சண்டை, தான் பொம்மை கேட்டதால்தான் பணம் போயிற்று என்று குழந்தை தானாகவே ஒரு கதை புனைந்துகொள்ளும். 'அத்தாவுக்கு வேலையில் ஒரு சிக்கல், பெரியவர்கள் பார்த்துக்கொள்கிறோம், உன்மேல் தவறில்லை' என்ற மூன்று வாக்கியங்கள் அந்தக் கதையைக் கலைத்துவிடப் போதும்.

வேறு மாநிலத்துப் பிள்ளைகளின் நிலை இதனினும் கடினம். ஒடியாவோ வங்காளமோ இந்தியோ பேசி வளர்ந்த சிறுமி, தமிழ் மட்டுமே ஒலிக்கும் வகுப்பறையில் அமர்த்தப்படுகிறாள். அவள் பேசாதிருப்பது நோயா, மொழி தெரியாமையா? அனுபவமுள்ள உளவியலாளர்களே நிதானித்துத்தான் சொல்ல முடியும். அவளோடு பேச மொழி இல்லாதபோது சிகிச்சை எவ்வாறு நடக்கும் என்று நீங்கள் கேட்கலாம். மொழி மட்டுமா, ஒருவரையொருவர் பகைவர் என்றே அறிந்து வளர்ந்த பிள்ளைகளையும் ஒரே மரத்தடியில் அமர்த்திய இடமொன்று கிழக்கிலங்கையில் இருந்தது.

மட்டக்களப்பு. 1990இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் கொல்லப்பட்ட கொடுமையும், தமிழ்ச் சிற்றூர்கள் கண்ட கொடுமைகளும் இரு சமூகத்தையும் பிளந்திருந்த காலம். 1996இல் அந்நகரில் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா என்ற ஒன்று திறக்கப்பட்டது. கனடா நாட்டு ஓவியர் பால் ஹோகனும், உளவளத்துணைப் பணியில் தேர்ந்த யேசு சபைத் துறவி பால் சற்குணநாயகமும் அதைத் தொடங்கினார்கள். தமிழ்ச் சிற்றூர்களிலிருந்தும் முஸ்லிம் சிற்றூர்களிலிருந்தும் பிள்ளைகளைப் பஸ்ஸில் ஏற்றி அழைத்து வருவார்கள். அங்கே பாடம் இல்லை, பிரசங்கம் இல்லை, 'உனக்கு என்ன நடந்தது, சொல்' என்ற கேள்வியும் இல்லை. களிமண் பிசைந்தார்கள். செடி நட்டார்கள். வண்ணம் தீட்டினார்கள். தாங்களே கதை கட்டி நாடகம் ஆடினார்கள். வாரங்கள் மாதங்களாயின. உடனிருந்து வழிநடத்தியவர்களோ அவ்வூர் இளைஞர்கள். அவர்களிலும் தமிழரும் முஸ்லிம்களும் இருந்தனர். துப்பாக்கிச் சத்தத்தில் வாயடைத்துப்போன பிள்ளைகளுக்கு, பேச்சு வருமுன்னரே களிமண்ணின் வழியாக நெஞ்சு திறக்கலாயிற்று. பட்டம் பெற்ற உளவியலாளர் ஒவ்வோர் ஊருக்கும் கிடைக்காத நாட்டில், அன்புள்ள இளைஞர்களுக்குப் பயிற்சி தந்து என்ன செய்யலாம் என்பதற்கு அப்பூங்கா நல்ல சான்று.

2004 டிசம்பரில் ஆழிப்பேரலை நாகப்பட்டினக் கரையை அழித்தபோதும் இதே வழிதான் கைகொடுத்தது. பெங்களூரு தேசிய மனநல நிறுவனத்தார் வந்து, ஆசிரியர்களுக்கும் ஊர்ப் பணியாளர்களுக்கும் பயிற்சி அளித்தார்கள். படம் வரைதல், கதை சொல்லல், கூடி விளையாடல் ஆகியவையே மருந்தாயின. பிள்ளைகள் வரைந்த படங்களில் எல்லாம் அலை வந்தது என்றால் வியப்பில்லை.

ஒரகடத்துப் பள்ளிவாசல் முற்றத்திலோ, வல்லத்துப் பள்ளிக்கூட மரத்தடியிலோ, ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் இத்தகைய விளையாட்டுக் கூடம் ஒன்றை நடத்த என்ன தடை? உரக்கச் சிரிக்கவும் ஓசை எழுப்பவும் இடமில்லாத லைன் வீட்டுப் பிள்ளைகளுக்கு, சத்தமிட உரிமையுள்ள ஓரிடமாவது கிடைக்குமே. எந்த மதத்துப் பிள்ளை, எந்த மொழிப் பிள்ளை என்று கேட்கத் தேவையில்லை. தொழுகை நடத்திக்கொண்டிருக்கையில் குழந்தையின் அழுகுரல் கேட்டால், தாயின் மனம் பதறும் என்று தொழுகையையே சுருக்கிக்கொண்ட நாயகம் (ஸல்) அவர்களின் சமூகம், பள்ளிவாசல் முற்றத்தில் பிள்ளைகளின் ஓசையைப் பொறுத்துக்கொள்ளாதா? இமாம்களிடமும் ஒரு வேண்டுகோள். ஓதிப் பார்க்கப் பிள்ளையைத் தூக்கி வரும் தாய் உங்களைத்தான் முதலில் நம்பி வருகிறாள். ஓதி முடித்ததும், 'மருத்துவரிடமும் காட்டம்மா' என்று நீங்கள் சொல்லும் ஒரு சொல், வேறு எவர் சொல்வதைவிடவும் அவள் செவியில் ஏறும்.

எங்கே காட்டுவது? தமிழகத்தில் மாவட்ட மனநலத் திட்டம் 1997இல் திருச்சியில் தொடங்கி, பின்னர் எல்லா மாவட்டங்களுக்கும் விரிந்தது. காஞ்சிபுரம் அரசுத் தலைமை மருத்துவமனையிலும், செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவைக் கேட்டுச் செல்லலாம். சென்னைக்கு வர முடிந்தோர்க்கு எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனை உண்டு. வளர்ச்சிக் குறையும் சேர்ந்திருந்தால் முட்டுக்காட்டில் 2005இல் நிறுவப்பெற்ற மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்தை நாடலாம். மனநல மருத்துவர் என்பவர் மருந்து எழுதும் தகுதியுடைய மருத்துவர். மருத்துவ உளவியலாளர் மருந்து எழுதமாட்டார். விளையாட்டு, பேச்சு, பயிற்சி வழியே சிகிச்சை செய்வார். அவர் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு பெற்றவரா என்று கேட்பது அவமரியாதை ஆகாது, தயங்காமல் கேளுங்கள். இரண்டே நாளில் குணமாக்குவேன் என்று சொல்பவர் எவராயினும் வணக்கம் சொல்லி எழுந்து வந்துவிடுங்கள். வாரம் ஒருமுறை என்று சில மாதங்கள் பிடிக்கும். இரண்டாம் மூன்றாம் வாரங்களில் பிள்ளை முன்னிலும் மிகுதியாக அழுவதுண்டு. அடைத்திருந்தது வெளியே வருகிறது என்று பொருள். அங்கே நிறுத்திவிடாதீர்கள்.

செத்துப்போகலாம் என்று பிள்ளை சொன்னால், விளையாட்டாகச் சொல்கிறது என்று விட்டுவிட வேண்டாம். உணவை அறவே மறுத்தாலும், தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டாலும் அன்றைக்கே மருத்துவரிடம் செல்ல வேண்டும். எவரேனும் தவறாக நடந்துகொண்டதாகப் பிள்ளை சொன்னால் நம்புங்கள். 1098 என்ற எண்ணை அழையுங்கள்.

மருத்துவமனைக்குச் செல்லத் தயங்குவோர்க்கு மத்திய அரசு 2022ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் தொடங்கிய 'டெலி-மானஸ்' உதவி எண் 14416 உண்டு. கட்டணம் இல்லை. பெயர் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. தமிழிலும் இந்தியிலும் வங்காளத்திலும் ஒடியாவிலும் பேசலாம். இருபத்துநான்கு மணி நேரமும் எடுக்கிறார்கள். ஆகவே இரவு ஷிப்டின் இடைவேளையில், தேநீர் குடிக்கும் பத்து நிமிடத்தில்கூட, தந்தை ஒருவர் தம் பிள்ளையைப் பற்றி அங்கே கேட்டுவிடலாம்.